மூன்று நெத்திலி

கிழட்டுப் பூனை செவலைக்கு ஞாபகம் மங்கிவிட்டது. சுண்டெலி சிட்டானை அது தன் குட்டி என்றே நம்பியது. சிட்டானும் அதைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மணல் தட்டுக்கும் தவறாமல் கூட்டிப்போனது. கூலியாக, சாப்பாட்டுத் தட்டில் விழும் மூன்று நெத்திலிகளில் தினமும் இரண்டைத் தின்றது.

ஒருநாள் மூன்றையுமே தின்றுவிட்டது.

"கண்ணு, நான் சாப்பிட்டேனா?" என்று கேட்டது செவலை.

"சாப்பிட்டாச்சும்மா. மூணு."

செவலை சிட்டானின் மீசையை முகர்ந்தது. பிறகு நாக்கால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டது. "உன் வாயும் மணக்குதே. நீயும் சாப்பிட்டே, நல்லது," என்றது. செவலையின் வயிறு மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

சிட்டானுக்கு அன்று ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் மூன்று நெத்திலியையும் இழுத்துவந்து செவலையின் வாயருகே வைத்தது.

செவலை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தள்ளியது. "உனக்கு எப்பவும் ரெண்டுதானே, கண்ணு."

சிட்டானுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.