நடுவில் நின்ற கொய்யா மரம்

"ஏம்மா, இந்தப் பூங்கா என்ன உங்க வீட்டுத் தோட்டமா?"

கேட்டவர் மண் ஆபீசர். பூங்கா நடுவில் நின்ற கொய்யா மரத்தின் எட்டாத கிளையை அந்த அம்மா வளைத்து, கடைசிக் கொய்யாவையும் பறித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆபீசர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம். பழைய பேட்டரி கம்பெனியை இடித்துப் பூங்கா ஆக்கியபோது, மண்ணைச் சோதித்து 'நல்ல மண்' என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நடக்க வருகிற எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்துக்கொண்டார்.

இன்றைய கோபத்துக்குக் காரணம், கூட வந்த பேத்தி. ஒரு வாரமாகக் கொய்யா கேட்கிறாள். ஒரு வாரமாக மரம் மொட்டை.

"காய், பிஞ்சுன்னு ஒண்ணு விடறதில்ல. வாட்ச்மேன், இங்க வாங்க! நாளையிலேருந்து இந்தம்மாவை உள்ள விட்டீங்கன்னா மேல எழுதிப் போட்டுடுவேன்."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சார் சொல்றதும் நியாயம்தானேம்மா? பிள்ளைங்க வந்து பார்த்து ஏமாந்து போறாங்க."

"ஏமாறட்டும்" என்றார் அந்த அம்மா.

ஆபீசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவின் பையிலேயே கையை விட்டு ஒரு பழத்தை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். "சாப்பிடு கண்ணு. யார் கேக்கறாங்கன்னு பார்ப்போம்."

"ஐயா, வேண்டாங்கய்யா! குழந்தைகிட்ட குடுக்காதீங்க!"

"ஒரு பழத்துக்கா இந்தப் பதைப்பு? இவ்வளவு அல்பமா இருக்கக்கூடாதும்மா."

அந்த அம்மா விறுவிறுவென்று போய்ப் பையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். அத்தனை பழமும் உள்ளே போயிற்று.

வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். "விக்கத்தான் எடுத்துட்டுப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"இருபத்திரண்டு வருஷம் இந்தக் கம்பெனியில தகடு கழுவினவ நான். கழுவின தண்ணி, ஈயம், ஆசிட் எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகும். இந்த மரம் நிக்குதே, இதான் அந்தக் குழி."

"அதை ஆபீஸ்ல சொல்றதுதானே?" என்றார் வாட்ச்மேன்.

"மூணு தடவை எழுதிக் குடுத்தேன். மண்ணு நல்லாயிருக்குன்னு அதிகாரியே கையெழுத்துப் போட்டாச்சு, போம்மான்னுட்டாங்க. இங்க தோண்டிப் பார்த்தாரோ என்னவோ, அந்தப் புண்ணியவான்."

ஆபீசர் மரத்தடியைப் பார்த்தார். சோதனைக்கு வந்த அன்றைக்கு இந்த நடு இடத்தில் இடிபாடு குவிந்து கிடந்தது. வெயில் வேறு. நாலு மூலையில் மட்டும் மண் எடுத்துக்கொண்டு கிளம்பியது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

பேத்தி பழத்தைக் கவுனில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா, இது நீங்க சோதிச்ச மண்ணுதானே? சாப்பிடலாம்தானே?"

மண் ஆபீசர் மெல்லக் கையை நீட்டினார்.

"அதைத் தாத்தாகிட்ட குடுத்துடும்மா."