பின்பக்கம் இறங்கிய கார்

“மேடம், வண்டி மறுபடியும் பின்பக்கம் உட்கார்ந்துடுச்சு.”

பட்டறை வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு எரிச்சல் வந்தது. ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை. பின்சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பைகள் சப்பிப்போய், கார் தரையைத் தொடுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

“உள்ள கொண்டுவாங்க சார்,” என்றாள் விறைப்பாக.

காரை லிஃப்டில் ஏற்றினாள். காற்றை நிரப்பிவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பை, வால்வு, குழாய் என்று ஒவ்வொன்றின் மேலும் பீய்ச்சினாள். வந்தவரோ காரை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த எலக்ட்ரீஷியன் அவள் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். “இந்த ஆளு பார்வையே சரியில்லம்மா. ரெண்டு தட்டு தட்டி அனுப்பட்டுமா?”

“முதல்ல லீக்கைப் பிடிப்போம்ண்ணே.”

வலது பைக்குப் போகும் குழாய் மூட்டில் குபுகுபுவென்று நுரை கிளம்பியது. டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“சார், இது தானா கழண்டது இல்ல. ஸ்பேனர் தடம் புதுசா இருக்கு. திங்கக்கிழமை இடது பக்கம், புதன்கிழமை வால்வு, இன்னிக்கு இது. யாரு கை வச்சது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“வேற எப்படி உங்களைப் பார்க்கிறதாம்? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறீங்க.”

“யோவ்! கல்யாணமான பொம்பளைகிட்ட என்னய்யா பேச்சு இது?” எலக்ட்ரீஷியன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாய்ந்தார்.

அவள் அவரைக் கையமர்த்திவிட்டு வந்தவரிடம் கேட்டாள். “‘ஸ்பேனர் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா’ன்னு நாலு பேர் முன்னாடி நக்கலடிச்சவர்தானே நீங்க?”

“தப்புதான். மூணு தடவை கழட்டினேன், ஒரு தடவைகூட எனக்குத் திரும்ப மாட்டத் தெரியல. கோபத்தை விட்டுட்டு இன்னிக்கே என்கூட வீட்டுக்கு வந்துடுங்க.”

எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த பெரிய ஸ்பேனரைத் தூக்கிவிட்டார்.

“அதைக் கீழ வைங்கண்ணே,” என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். “எனக்குக் கல்யாணம் ஆனதே இவரோடதான்.”