கீச்சுச் சத்தம்

“பல்லு போன வாய்க்கு இது எதுக்கு? நீங்க ஊதுங்க பாய்” என்று சொல்லி, மூக்காண்டி தன் கிளாரினெட்டை வேட்டி நுனியால் துடைத்துப் பீர் மைதீனிடம் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சண்முகையாவுக்குப் பொறுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சங்கரன்கோவிலில் சண்முகையா பேண்டு செட்டுக்கு இருந்த பேர் முழுக்க மாஸ்டருடைய காதுக்குக் கிடைத்த பேர். பத்துப் பேர் சேர்ந்து வாசித்தாலும், எவன் எங்கே பிசகினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பெரிய டிரம்முக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே நடந்தே இருபது வருஷத்தை ஓட்டியவர். அந்த இருபது வருஷமும் கூடவே கிளாரினெட் ஊதிக்கொண்டு வந்தவர் மூக்காண்டி. சண்முகையாவின் மனைவி முருகம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி.

எமர்ஜென்சியை விலக்கின வருஷம், வைகாசியில், ராயகிரியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மூக்காண்டி உருகி உருகி ஊதிக்கொண்டிருந்தார். நடுவில் எலிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் சண்முகையாவின் காதில் விழுந்தது.

“ஏலே, கிளாரினெட் கீச்சிடுது. ரீடை மாத்து.”

ஊதுவாயில் கட்டியிருக்கும் நாணல் பட்டையான அந்த ரீடை மாற்றியும் கீச்சு போகவில்லை. துளையை மூடும் சாவிக்கு அடியில் காற்றுக் கசியுது என்றார் சண்முகையா. மூக்காண்டி மதுரைக்குப் போய் அதையும் சரிசெய்துகொண்டு வந்தார். அப்புறமும் கீச்சுதான்.

செட்டில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஆனால் மாஸ்டர் காது சொன்ன பிறகு இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? ‘நம்ம காதுக்கு எட்டல, அவரு காதுக்கு எட்டுது’ என்று எல்லாரும் சேர்ந்து மூக்காண்டியை முறைத்தார்கள். சண்முகையாவுக்கோ சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கீச்சு காதைவிட்டுப் போகவில்லை. அவ்வளவு எரிச்சல்.

கடைசியில் ஒருநாள் சொல்லிவிட்டார்: “ஒன் முன்பல்லு ரெண்டும் துருத்திக்கிட்டு மவுத்பீஸை நெருடுதுலே. அதான் கீச்சிடுது.”

சொன்னது அவ்வளவுதான். மறுநாளே மூக்காண்டி திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டார். “நல்ல பல்லை எதுக்குவே பிடுங்கச் சொல்லுதீரு?” என்று பல் டாக்டர் கேட்டாராம். “எங்க அத்தான் காது பொய் சொல்லாது” என்றாராம் இவர்.

பல் இல்லாமல் உதட்டாலேயே கவ்வி ஊதுகிறவர்கள் உண்டு, பழகிக்கொள்ளலாம் என்று நம்பித்தான் போனார். பழகவில்லை. எப்படிப் பிடித்தாலும் வெறும் காற்றுதான் வந்தது. கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, செட்டின் கடைசி வரிசையில் நின்று ஜால்ரா தட்ட ஆரம்பித்தார்.

“நீங்க ஒரு சொல்லு சொன்னீக. எந்தம்பி வாயையே குடுத்துட்டான்” என்று முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சண்முகையாவும் தனியாகப் போய் அழுதார். பெற்ற பிள்ளையின் கையை ஒடித்துப்போட்டது மாதிரி இருந்தது அவருக்கு. வேறு ஒருவர் வந்து சுத்தமாக ஊதிக் கேட்டால்தான் இந்தப் பாழாய்ப்போன கீச்சு தன் காதைவிட்டு ஒழியும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

அதற்காகத்தான் இன்றைக்குப் புளியங்குடியிலிருந்து பீர் மைதீனை வரவழைத்திருந்தார். நாளைக்குச் சிவகிரியில் கல்யாணம். இன்றைக்கு ஊதிக் காட்டிவிட்டால் நாளைக்கு அவர்தான் மூக்காண்டியின் இடத்தில் நிற்கப்போகிறார்.

முருகம்மாள் காப்பியோடு வந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் சண்முகையா திரும்பினார். அவளும் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

பீர் மைதீன் ரீடை எடுத்து நாக்கில் வைத்து நனைத்தார்.

“மெதுவா ஆரம்பிங்க பாய், நான் கேக்குதேன்” என்றார் சண்முகையா. சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கண் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கொள்கை.

வந்தது கீச்சு. அதே கீச்சு!

ஊதுவது வேறு வாய், வேறு பல். வாத்தியம் மட்டும் அதே வாத்தியம். அப்படியென்றால் மூக்காண்டியின் பல் என்ன பாவம் செய்தது? அடைத்துக்கொண்டிருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

“நிறுத்துங்க பாய்! ஏலே மாப்ள, குத்தம் ஒன் பல்லுல இல்லலே. எல்லாம் இந்த வாத்தியம் பண்ணுத வேலை. அநியாயமா ஒன் பல்லைப் பிடுங்க வச்சிட்டேனே! இந்தா, இப்பவும் கீச்சிடுது பாரு. கேக்குதா? ஒனக்குக் கேக்குதாலே?”

மூக்காண்டி மெல்ல எழுந்து வந்து, அவர் தோளில் கையை வைத்து, காதோரமாகக் குனிந்தார்.

“அத்தான்... பாய் இன்னும் ஊதவே இல்லியே.”