விதுரனின் ஒற்றை வசனம்

"முழங்காலிலை இரு!"

விதுரன் துவக்கை நீட்டிக்கொண்டு கத்தினான். முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற நாற்பது கைதிகளில் முப்பத்தொன்பது பேர் பொத்தென்று மண்ணில் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை.

அவர் விக்னராஜா. நரைத்த பெரிய மீசை, கிழிந்த சேட்டு. துவக்கின் வாயைப் பார்த்தபடி நெட்டுக்குத்தாக நின்றார்.

"ஸ்டொப்!" என்று அலறினாள் இயக்குநர் அனிற்றா. "இது ஆறாவது தரம்!"

விதுரன் மரத்துவக்கைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தான். இலங்கை யுத்தத்தில் பிடிபட்டவர்களை அடைத்துவைத்த முகாம் ஒன்றைப் பற்றிய படம் அது. முகாமை இத்தாலியில், பலெர்மோ நகரை ஒட்டிய சியாகுல்லியின் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் போட்டிருந்தார்கள். வன்னியில் மண்டரின் காய்க்காது என்று யாரோ சொல்லிவைக்க, காலையிலிருந்து மூன்று பேர் ஏணி வைத்துப் பழங்களைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

கைதிகள் எல்லோரும் பலெர்மோவில் வீடு துடைக்கிற, படி கழுவுகிற, கோப்பை கழுவுகிற தமிழர்கள். கோப்பைப் பிரிவில் விதுரன் இருபது வருட அனுபவசாலி.

காவலன் வேடம் முதலில் விக்னராஜாவைத்தான் தேடிப்போனது, அந்த மீசைக்காகவே. "துவக்குத் தூக்கமாட்டன். கைதியா நிக்கிறன்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அப்படித்தான் நாற்பத்திரண்டு வயதில் விதுரனுக்குச் சினிமாவில் வசனம் கிடைத்தது. முழுப் படத்திலும் ஒரே ஒரு வசனம். அதற்கு மனைவி நிரோசினி கனடா, லண்டன், சுன்னாகம் என்று மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் நேற்றே வாழ்த்து வாங்கிவிட்டாள்.

"அடுத்த தரமும் அவர் முழங்காலில் இருக்காவிட்டால் இந்தக் காட்சியையே தூக்கிவிடுவேன்" என்றாள் அனிற்றா.

காட்சி போனால் வசனம் போகும். வசனம் போனால் சுன்னாகத்துக்கு என்ன பதில் சொல்வது? விதுரன் கம்பியடிக்கு ஓடினான்.

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், ஒருக்கா இருங்கோ. முழங்காலிலை வருத்தமோ?"

"முழங்காலுக்கு என்ன? கால்சாவிலை நான் வேலை செய்யிற சின்யோரா வீட்டு அறுபத்திரண்டு படியையும் முழங்காலிலை இருந்துதான் கழுவுறன். அது தொழில். இஞ்சை இருக்கமாட்டன்."

"உவருக்குத் தான்தான் ஹீரோ எண்ட நினைப்பு" என்றாள் மண்ணில் இருந்த குகனேஸ்வரி. "ஆறு தரம் இருந்து எழும்பி எனக்கு முழங்கால் சிரட்டை கழண்டுபோச்சு!"

விதுரன் வேறு வழி தேடினான். "நான் கத்திறது பிழையோ அண்ணை? ஆமிக்காரன் சிங்களத்திலையெல்லோ கத்துவான். மாத்திக் கத்தட்டோ?"

"தமிழிலையே கத்து. அது சரியாத்தான் கிடக்கு. இவையள் இருக்கிறதுதான் பிழை."

அனிற்றா காகிதக் கட்டோடு வந்துவிட்டாள். "என்ன பிழை? இதை ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியவள் நான்!"

"நீங்கள் ஒரு வருசம் எழுதினீங்கள், சின்யோரா. நான் உப்பிடி ஒரு முகாமிலை ஒண்டரை வருசம் இருந்தனான்."

ஏணியில் நின்றவர்கள்கூடச் சாக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் மனிதர் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"மத்தியான வெயில்" என்றார் விக்னராஜா. "ஒருத்தனை முழங்காலிலை இருக்கச் சொல்லி உத்தரவு. மூண்டு தரம் கத்தியும் ஆள் அசையேல்லை. நெஞ்சிலை துவக்கை வைச்சால், அவன் குனிஞ்சு பாத்திட்டு, சேட்டின்ர மேல் பொத்தானைப் பூட்டினான். அவ்வளவுதான்."

"பிறகு?"

"பிறகென்ன? துவக்கு வைச்சிருந்தவன் வாய் காய்ஞ்சு தண்ணி குடிக்கப் போனான்." அவர் அனிற்றாவின் காகிதத்தைக் காட்டினார். "சனத்தை முழங்காலிலை இருத்த ஒரு வரி போதும், சின்யோரா. நிண்டவனை ஆர் காட்டுறது?"

அனிற்றா கண்ணாடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். பிறகு தான் எழுதியதன் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஒருவரும் இருக்கவேண்டாம். காவலன் மூன்று தரம் கத்தட்டும்."

மூன்று தரம்! விதுரன் அந்த இடத்திலேயே மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துவிட்டான்.

ஏழாவது தரம் படம்பிடித்தார்கள். விதுரன் கத்தினான். நாற்பது பேரும் நின்றார்கள். இரண்டாம் முறை கத்தியபோது குகனேஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மிச்சத்தையும் கத்து பார்ப்போம் என்பது போலப் பார்த்தாள். விக்னராஜா மெல்லச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

மூன்றாவது கத்தலில் விதுரனின் தொண்டை உடைந்தது. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே துவக்கு தாழ்ந்தது.

தோட்டம் முழுவதும் கைதட்டல். குகனேஸ்வரி சாக்கை விலக்கி ஒரு மண்டரின் பறித்து, உரித்து நீட்டினாள். "குறை நினையாதேங்கோ அண்ணை. இப்பிடியொரு வீரனைப் படி கழுவ விட்டிட்டு இருந்திட்டம்!"

விதுரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கட காலிலை விழவேணும் போல கிடக்கு அண்ணை. துவக்குக்கு முன்னாலை நிண்டு பொத்தான் பூட்டினது நீங்கள்தானே?"

விக்னராஜா பழத்தை வாங்கவில்லை. காலில் விழக் குனிந்தவனைத் தோளில் பிடித்து நிமிர்த்தினார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பொத்தான் பூட்டினது எங்கட இயக்கத்திட்டைப் பிடிபட்ட ஆமிக்காரப் பெடியன். கத்தினது நான்."