கோணல் வகிடு

“தலையை நீங்களே சீவிப் பின்னிக்க முடியுதாக்கா?”

சனோபர் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்துக் கேட்டாள். மூட்டுவாத ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகிற பெண். வாலாஜாபாத்துக்காரி.

அம்முலு வாயைத் திறக்கும் முன் அவள் புருஷன் கன்னியப்பன் முந்திக்கொண்டான்.

“எங்கம்மா முடியும்? நாந்தான் தெனிக்கும் சீவி உட்டுக்கினு கீறேன்.”

“பரவால்லியேண்ணா! எங்க வூட்டு ஆளுக்கு அவரு சட்டை எங்க கீதுன்னே தெரியாது.” சனோபர் சிரித்தாள். “ஆனா பதிலை அக்காதான் சொல்லணும்.”

அம்முலு முந்தானைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

மடங்கின. வலிக்கவில்லை.

போன வருஷம் இதே விரல்கள் சோற்றைப் பிடிக்காது. காலையில் எழுந்தால் வெயில் ஏறும் வரை கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். பித்தளைச் சொம்பைத் தூக்கினால் நழுவும். வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற இந்த மாத்திரை வந்த பிறகு மெல்ல மெல்ல விட்டது. நாற்றுக் கட்டைப் பிரித்து நடுகிற அளவுக்கு விட்டது.

“நாத்து நடுறேன்னு சொல்றீங்க. ரத்த டெஸ்டும் நல்லா வந்திருக்கு. தலை மட்டும் சீவ முடியலைன்னு போன தபாவே சொன்னீங்க, டாக்டருக்கு ஒண்ணும் புரியல” என்றாள் சனோபர். “இன்னிக்கும் முடியலைன்னா, மாத்திரை உங்களுக்குக் கேக்கலைன்னு எழுதி நிறுத்திடுவாங்கக்கா. வேற மருந்துதான்.”

கன்னியப்பன் முகம் வாடியது. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

அந்தப் பார்வை அம்முலுவுக்குத் தெரியும். சோறு ஆக்க நேரமாகிவிட்டது என்று ஒரு சாயங்காலம் மண்வெட்டிக் காம்பால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்த கை அது. அடுத்த அறுப்புக்குள் அவள் விரல்கள் முடங்கின. தன் அடியால்தான் முடங்கின என்று அவன் நம்பினான். மறுபடி கை ஓங்கவில்லை. சீப்பை எடுத்தான்.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் தலையில் அவன் கை பதமாகப் பட்டது அப்போதுதான்.

இந்த நோய் அடிபட்டு வருவதில்லை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது என்று முதல் நாளே டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். கன்னியப்பன் அப்போது டீ வாங்கப் போயிருந்தான். வந்தவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் சீப்பு இறங்கிவிடும்.

கைகள் தேறிய பிறகும் சொல்லவில்லை. அவன் பின்னுகிற பின்னல் கழனியில் குனிந்தால் அவிழ்ந்து சேற்றில் புரளும். “இன்னாமே, உம் புருசன் வகிடு எடுத்தானா, வாய்க்கா வெட்டினானா?” என்று நடவுப் பெண்கள் சிரிப்பார்கள். மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் போய், கை கழுவி, சீவி இறுக்கிப் பின்னிக்கொள்வாள். வீடு திரும்பும் முன் பின்னலை விரலால் தளர்த்திவிடுவாள்.

அவள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் விறைத்த விரல்களோடு இந்த மாத்திரைக்காகக் காத்திருக்கிறார்கள். தன் பொய்யை எழுதிக்கொண்டு போய் என்ன முடிவு செய்வார்களோ.

“அக்கா?”

“முடியும்மா” என்றாள் அம்முலு. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “கஷ்டமே இல்ல. போன தபா பொய் சொல்ட்டேன்.”

சனோபரின் விரல் டேப்லெட் மேலேயே நின்றது.

அம்முலு கன்னியப்பன் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே மீதியையும் சொன்னாள். “இது நீ அடிச்சதால வந்ததும் இல்லியாம்யா. டாக்டரு அப்பவே சொன்னாரு. நாந்தான் மறைச்சிட்டேன்.”

அவன் எழுந்து போய்விடுவான் என்று காத்திருந்தாள். பெஞ்சு அசையவில்லை.

“எழுதிக்கோம்மா, அவளால முடியும்” என்றான் கன்னியப்பன். “காலைல நான் கோணலா எடுக்கற வகிடு, சாயங்காலம் நேரா வூட்டுக்கு வருது. எனக்குக் கண்ணு இல்லியா?”

அம்முலு உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். பின்னலைத் தளர்த்தத் தெரிந்தவளுக்கு வகிட்டைக் கலைக்கத் தோன்றவில்லை.

“தெரிஞ்சுமாய்யா சீவின?”

அவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

“நோவு என்னால வர்ல, சரி. அடி?”

வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அம்முலு கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள்.

“வகிடு நானே எடுத்துக்கறேன்” என்றாள். “பின்னல் நீ போடு. இறுக்கிப் போடு.”

சனோபர் அடுத்த கேள்வியைப் படித்தாள்.

“கீழ விழுந்த துணியைக் குனிஞ்சு எடுக்க முடியுதா?”

கன்னியப்பன் வாயைத் திறக்கவில்லை.