நவமணி போட்ட மார்க்கு

“யாரத் தேடுறே?”

“யாரையும் தேடலைங்க.”

“பின்ன ஏன் வாசலையே பார்க்குறே? அந்த லோரிக்கார தேவதாஸ் வர்றானா?”

நவமணி பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். மனநல டாக்டரைப் பார்க்க வந்த இடத்திலும் கணவன் தங்கராஜுவின் வாய் சும்மா இருக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, கண்டக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தான் என்று ஒரு மூச்சு சண்டை போட்டாயிற்று.

அவள் அண்ணன் செல்லன் கறாராகச் சொல்லியிருந்தான்: “மாப்பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் பிறவிக் குணம்னு டாக்டர் சொல்லிட்டா, தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போயிடுவேன். இடையில வந்த நோய்னா வைத்தியம் பார்ப்போம்.”

டாக்டர் பாலகிருஷ்ணன் உள்ளே கூப்பிட்டார். போன வாரம் நவமணி நிரப்பிக் கொடுத்த குணப் படிவம் தயாராக இருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் ஒன்று (குறைவு) முதல் ஐந்து (அதிகம்) வரை மார்க்கு. முதல் தாளை டாக்டர் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த இரண்டாம் தாளைத் தங்கராஜு வெடுக்கென்று எடுத்தான்.

சந்தேகப்படுவார்: ஒன்று. கோபப்படுவார்: ஒன்று. கலகலப்பானவர்: ஐந்து. ஓரத்தில் அவளே எழுதியிருந்தாள்: ‘லோரி ஓட்டும்போது பாடுவார்.’

தங்கராஜு தாளை மேசையில் அறைந்தான். நெற்றித் தழும்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டான்.

“பார்த்தீங்களா டாக்டர்! இது நானா? மனசுல இருக்கிறவனுக்கு மார்க்கு போட்டிருக்கா! தேவதாஸ்தான் லா. செம்பனைக் குலை ஏத்துற லோரியில எந்நேரமும் பாடிக்கிட்டே வருவான்!”

“அவரு இல்லைங்க.”

“பின்ன யாரு? பேரச் சொல்லு!”

“அந்தப் பேர நான் வாயால சொல்ல மாட்டேன்.”

“கேட்டீங்களா டாக்டர்? அவ்வளவு மரியாதை!” அவன் குரல் உடைந்தது. “அவ்வளவு பிடிச்சிருந்தா அவன்கூடவே போயிடு!”

நவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“கூட்டிட்டு வாங்க, இப்பவே போறேன். ரெண்டு வருஷமா அவரத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

தங்கராஜு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். டாக்டர் முதல் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

‘லோரி விபத்தில் தலையில் அடிபடுவதற்கு முன் உங்கள் கணவர் எப்படி இருந்தார்?’

அதற்குக் கீழே, பெயர் என்ற இடத்தில், நவமணி குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: தங்கராஜு.