கண் தெரியாத நடுவர்

“அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு சார்!” நாற்காலியில் உட்காரும்போதே ஆரம்பித்தார் கால்பந்து கிளப்பின் செயலாளர். “நேத்து மேட்ச்ல பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போயிடுச்சு. கோல் இல்லைன்னுட்டான்!”

கண்ணாடிக் கடைக்காரர் அறை விளக்கை அணைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையை மட்டும் ஒளிரவிட்டார். “மூணாவது வரியில முதல் எழுத்து?”

“ப. தேசிய லீக்னு பேருதான் பெரிசு. மூணாம் டிவிஷன்ல வேற எவன் வருவான்? வாரம் பூரா எங்கயாவது கல்லாவுல உட்கார்ந்திருப்பான், ஞாயித்துக்கிழமை விசிலை மாட்டிக்கிட்டு வந்துடுவான்.”

“அது ட.”

“ப தான். உங்க போர்டு தப்பு.”

“மேட்ச்சை எங்கேர்ந்து பார்த்தீங்க?”

“கேலரி உச்சியிலேர்ந்து. அங்கேர்ந்து எனக்கே தெரியுது, பக்கத்துல நின்ன தடியனுக்குத் தெரியலை. எதிர்ல வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன்.”

கடைக்காரர் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். நாலாவது வில்லையில் செயலாளர் தடுமாறினார்.

“அட... ட தான்.”

கடைசி வரிவரை கடகடவென்று படித்து முடித்தார். கடைக்காரர் விளக்கைப் போட்டார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. கறுப்புச் சட்டை, வாயில் விசில், உயர்த்திய கையில் சிவப்பு அட்டை. முகம், எதிரே நின்ற கடைக்காரருடையது.

“இப்ப எல்லாம் தெளிவாத் தெரியுதா சார்?”

“தெ... தெரியுது.”

“நல்லது. அந்த நாலு வார்த்தையைக் கேளுங்க.”